ஏ.டி.எச்.டி.யும் பதற்றமும் சேர்ந்த குழந்தைக்கு மருந்து: சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட கோளாறு) இருக்கிறது, கூடவே பதற்றக் கோளாறும் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, எந்த மருந்து, என்ன செலவு, எங்கே கிடைக்கும் என்று சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் விசாரித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இதே இரண்டு சிக்கல்களோடு வளரும் பிள்ளையின் தாய். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது, மாதா மாதம் அந்த மருந்தை எப்படித் தடையில்லாமல் வாங்குவது என்பவை நம் கையில் இருப்பவை.

ஏ.டி.எச்.டி., பதற்றம் இரண்டும் இருக்கும்போது எதற்கு முதலில் மருந்து தருவார்கள்?

பிள்ளையின் அன்றாட வாழ்க்கையை எது அதிகமாக முடக்குகிறதோ அதற்கு முதலில் தருவது பொதுவான வழக்கம். வகுப்பில் உட்கார முடியவில்லை, எழுதத் தொடங்கியதை முடிக்க முடியவில்லை, அதனால் திட்டு வாங்கி வாங்கித்தான் பயம் வந்திருக்கிறது என்றால், கவனக்குறைவைச் சரிசெய்யும்போது பயமும் பெருமளவு தணிவதுண்டு. மாறாக, பள்ளிக்குப் போகவே மறுப்பது, அம்மாவை விட்டுப் பிரிய முடியாமல் வாந்தி எடுப்பது, இரவு முழுக்கத் தூங்காமல் கவலைப்படுவது போன்றவை மேலோங்கி இருந்தால் பதற்றத்துக்கான சிகிச்சை முன்னால் வரும்.

இதை முடிவு செய்ய மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மீதித் தகவலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஏ.டி.எச்.டி. என்று உறுதிசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நான்கு வயதிலிருந்தே கோயிலிலும் கல்யாண வீட்டிலும் வகுப்பிலும் ஒரே மாதிரி இருந்த பிள்ளைக்கும், ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு மாறிய பிறகு மட்டும் கவனம் சிதறத் தொடங்கிய பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாமவன் கவலையினால் கவனம் இழந்தவனாக இருக்கலாம். எனவே பழைய வகுப்பு ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள், மதிப்பெண் அட்டைகள், பாலர் பள்ளிக் காலத்து நினைவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போவது நல்லது.

மருந்தில்லாமல் பயிற்சியும் ஆலோசனையும் மட்டும் போதாதா?

ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் முயல வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதில், குறைபாடு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால் மருந்தை விலக்கி வைப்பது பிள்ளைக்கு நல்லதல்ல என்பதே என் நம்பிக்கை.

இதில் இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. 1999இல் வெளியான, 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்த எம்.டி.ஏ. ஆய்வில், கவனக்குறைவு, துறுதுறுப்பு ஆகிய மைய அறிகுறிகளுக்கு, நெருக்கமாகக் கண்காணித்துத் தந்த மருந்து நடத்தைப் பயிற்சியைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அதே ஆய்வில், பதற்றமும் சேர்ந்திருந்த குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பலன் தந்தது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு, பதற்றக் கோளாறு உள்ள 488 சிறார்களைப் பற்றியது: செர்ட்ரலின் என்ற பதற்ற மாத்திரையும், பயமூட்டும் எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 81 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள், அந்தப் பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்கத் தந்த மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 சதவீதம். ஆகவே நம் பிள்ளைகளைப் போல இரண்டும் உள்ளவர்களுக்கு மருந்தா, பயிற்சியா என்று எதிரெதிராக நிறுத்துவதில் பொருளில்லை. பணம் குறைவாக இருக்கும்போது இரண்டில் ஒன்றை முழுவதும் விட்டுவிடாமல், மலிவான மருந்தையும் மாதம் ஒருமுறை ஆலோசனையையும் சேர்த்து நடத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மெத்தில்ஃபெனிடேட் பதற்றத்தை அதிகமாக்கிவிடும் என்கிறார்களே?

ஏ.டி.எச்.டி.க்குப் பெரும்பாலும் எழுதப்படும் ஊக்க மருந்து இது; சில பிள்ளைகளுக்கு அப்படி ஆவதுண்டு. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக இவ்வகை மருந்துகள் பதற்றத்தைக் கூட்டவில்லை, சற்றுக் குறைக்கவே செய்தன. ஆகவே பதற்றம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த மருந்தை முயலாமலே விட வேண்டியதில்லை. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவதுதான் முறை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாதாரண மாத்திரை மூன்று முதல் நான்கு மணி நேரம் வரைதான் வேலை செய்யும். அதன் தாக்கம் இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் எரிச்சலும் அழுகையுமாக மாறிவிடுவார்கள். காலையும் மதியமும் மாத்திரை எடுத்தவன் மாலை ஐந்து மணிக்கு டியூஷனில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி நடந்தால், பார்ப்பவர்கள் அதைப் பதற்றம் என்று நினைத்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு மாத்திரை தந்தோம், எத்தனை மணிக்கு மாற்றம் தெரிந்தது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தால் மருத்துவருக்கு உண்மை புரிந்துவிடும். மெதுவாக வெளியாகும் வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை செய்வதால் இந்த ஏற்ற இறக்கம் குறையும், விலையோ கூடும்.

காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி வாழும் வீடுகளில் சிறுவர்களுக்கும் காலையில் காபி தருவது சாதாரணம். பதற்றமுள்ள பிள்ளை இந்த மாத்திரையோடு காபியும் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும், நிறுத்திவிடுங்கள்.

அடோமாக்செடின் யாருக்கு ஏற்றது?

பதற்றம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்க்கும் மருந்து இது. ஏ.டி.எச்.டி., பதற்றம் இரண்டிலுமே ஓரளவு முன்னேற்றம் தெரிவதாக ஆய்வு உண்டு. போதைப் பழக்கத்துக்கு வழிவகுக்காது. 24 மணி நேரமும் வேலை செய்யும். ‘ஆக்செப்டா’, ‘அட்டென்ட்ரால்’ போன்ற பெயர்களில் வருகிறது. குறை என்னவென்றால், பொறுமை வேண்டும். மெத்தில்ஃபெனிடேட்டின் விளைவு அன்றைக்கே தெரிந்துவிடும்; அடோமாக்செடினுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டாம் வாரத்தில் “ஒன்றும் தெரியவில்லை, காசுதான் வீண்” என்று நிறுத்திவிட்டால் அந்தப் பணம் உண்மையிலேயே வீணாகிறது.

இதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது: வழக்கமாக ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1.2 வரை உயர்த்துவார்கள். பிள்ளை வளர வளர மாத்திரையின் அளவும் செலவும் கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலைத் திறந்து பொடியைக் கலந்து தரக் கூடாது; அந்தப் பொடி கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாக்கும்.

பதற்றத்துக்கென்று தனி மருந்து தந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா?

செர்ட்ரலின், ஃப்ளுவாக்சிடின், எஸ்சிடலோப்ராம் ஆகியவைதான் பிள்ளைகளின் பதற்றத்துக்குப் பெரும்பாலும் எழுதப்படுபவை. இவை மெத்தில்ஃபெனிடேட்டோடு சேர்த்துத் தரப்படுவது வழக்கமே. ஆனால் ஃப்ளுவாக்சிடினும் அடோமாக்செடினும் சேரும்போது கவனம் தேவை: அடோமாக்செடினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை ஃப்ளுவாக்சிடின் தடுப்பதால், இரத்தத்தில் அடோமாக்செடினின் அளவு பல மடங்கு உயர்ந்துவிடலாம். ஆலோசனை ஓரிடம், மருந்து வேறிடம் என்று இரண்டு மருத்துவர்களைப் பார்க்கும் குடும்பங்கள் எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்து, இருவரிடமும் காட்ட வேண்டும்.

இந்தப் பதற்ற மருந்துகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்கு அமைதியின்மையும் தூக்கக் குறைவும் வரும். ஏற்கெனவே துறுதுறுப்பான பிள்ளையிடம் இதைக் கண்டால் ஏ.டி.எச்.டி. முற்றிவிட்டதாகத் தோன்றும், பதறாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றுவார். இரண்டு மருந்துகளையும் ஒரே நாளில் தொடங்காமல், ஒன்றைத் தொடங்கி அதன் விளைவைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கடை கடையாக ஏறி இறங்கினாலும் மெத்தில்ஃபெனிடேட் கிடைக்கவில்லை. ஏன்?

‘இன்ஸ்பைரல்’, ‘ஆட்வைஸ்’ போன்ற பெயர்களில் விற்கப்படும் இந்த மருந்து, மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை விற்கக் கடைக்காரருக்குத் தனி உரிமம் வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு படிகளாக இருக்க வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மீண்டும் வாங்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரே சீட்டைக் காட்டி இரண்டாம் முறை வாங்க முடியாது. இவ்வளவு பொறுப்பு இருப்பதால் தெருமுனைக் கடைகள் இதை வைத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று வருந்தாதீர்கள். சட்டம் அவரையும் கட்டியிருக்கிறது.

எழுதித் தரும் மருத்துவரிடமே எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு, அந்தக் கடையின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே பேசி, மாத்திரை வந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். வீட்டில் பூட்டி வையுங்கள். அண்ணன் தேர்வுக்குப் படிக்க உதவும் என்று ஒரு மாத்திரைகூட அவனுக்குப் போகக் கூடாது.

நாங்கள் ஏற்காட்டுக்கு மேலே இருக்கிறோம். காணொளியில் மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கலாமா?

மெத்தில்ஃபெனிடேட்டுக்கு முடியாது. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளைத் தொலைவழி ஆலோசனையில் எழுதக் கூடாது என்று தடை செய்கின்றன. நாகலூரிலோ வாழவந்தியிலோ இருப்பவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு நேரில் வந்துதான் ஆக வேண்டும். தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு, பேருந்துக் கட்டணம், வெளியில் சாப்பாடு என்று சேரும்; மாத்திரை விலையைவிட இது பெரிய செலவாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. அடோமாக்செடின் இந்தப் பட்டியலில் இல்லை. நேரில் பார்த்துத் தொடங்கிய மருத்துவர், இடையிடையே காணொளியில் பார்த்து அதைத் தொடர வழி உண்டு. மலையில் வாழும் குடும்பத்துக்கு, மருத்துவ ரீதியில் இரண்டுமே பொருந்தும் என்றால், இந்த ஒரு காரணமே தேர்வைத் தீர்மானிக்கலாம் என்பது என் கருத்து. அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

மாதச் செலவை எப்படிக் குறைப்பது?

முதல் சந்திப்பிலேயே வீட்டு வருமானத்தைச் சொல்லிவிடுங்கள். நாம் நன்றாக உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்து தலையாட்டினால், விலை நமக்குப் பொருட்டல்ல என்று அவர் எடுத்துக்கொள்வார். “மாதம் இவ்வளவுதான் எங்களால் முடியும், இதற்குள் இரண்டு ஆண்டு தொடர்ந்து தரக்கூடியதைச் சொல்லுங்கள்” என்று கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. இரண்டு மாதம் தந்து, ஒரு மாதம் விட்டு, மறுபடி தொடங்கும் உயர்ந்த விலை மருந்து, விடாமல் தரப்படும் எளிய மருந்தின் பலனைத் தராது. பதற்ற மருந்துகளை அப்படி விட்டு விட்டுத் தருவது ஆபத்தும்கூட.

விலையை மாத்திரை அட்டையை வைத்துக் கணக்கிடாமல், நாளொன்றுக்கு எத்தனை மாத்திரை, அதை முப்பதால் பெருக்கினால் எவ்வளவு என்று பாருங்கள். நாள் முழுக்க வேலை செய்யும் ஒரு மாத்திரைக்குப் பதிலாகச் சாதாரண மாத்திரை இரண்டு வேளை தரலாமா என்று கேளுங்கள். பள்ளியில் மதிய வேளை தருவதற்குப் பொறுப்பான ஒருவர் இருந்தால் இது நல்ல வழி. மெதுவாக வெளியாகும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ மிச்சம் பிடிக்க முயலாதீர்கள். மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். ஒரே மருந்தை வேறு நிறுவனம் குறைந்த விலைக்குத் தருவதுண்டு. சாதாரண மாத்திரைகளில் அப்படி மாற்றுவது எளிது. மெதுவாக வெளியாகும் வகைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேகத்தில் வெளியாகும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

ஃப்ளுவாக்சிடினும் எஸ்சிடலோப்ராமும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அவற்றின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் பதற்ற மருந்துகளைக் கேட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிக்கூலி, கொலுசுப் பட்டறைக் கூலி என்று வாரச் சம்பளத்தில் வாழும் வீடுகளுக்கு, மாதத் தொகையை ஒரே நாளில் புரட்டுவதுதான் கடினம். சனிக்கிழமை கூலி வந்ததும் மாத மருந்துத் தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் போட்டுவிடுவதும், ஷெட்யூல் எக்ஸ் அல்லாத மருந்துகளைக் கடைக்காரரிடம் பேசிப் பத்துப் பத்தாக வாங்குவதும் நடைமுறையில் உதவும்.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமா?

சேலம் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போகும் முன் அங்கே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகள் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. பட்டியலில் இல்லாததை வெளியே வாங்கச் சொல்வார்கள். அப்போதும்கூட ஆலோசனைக் கட்டணம் இல்லாமல் போவதும், பதற்ற மருந்து அங்கேயே கிடைப்பதும் பெரிய உதவிதான். பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

நோய் நிர்ணயத்திலேயே குழப்பம் இருந்தால், ஒருமுறை பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவில் காட்டி, அவர்கள் எழுதித் தருவதைச் சேலத்து மருத்துவரிடம் தொடரலாம். ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். ஆனால் மாதா மாதம் அங்கே போவது என்று திட்டமிடாதீர்கள்.

காப்பீடு உதவுமா?

மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆயினும் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவதால், மாதாந்திர மாத்திரைக்கு அவற்றை நம்ப முடியாது. விதிவிலக்கு ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு உரிய இத்திட்டத்தில், குடும்பத்தாரின் வெளிநோயாளி மருத்துவமும் மருந்தும் அடங்கும். நூற்பாலையிலோ கடையிலோ வேலை பார்த்து, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறது என்றால், அது பிள்ளையின் மாத்திரைக்கும் சேர்த்துச் செலுத்தும் பணம் என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அங்குள்ள மாத்திரையை அனுப்பட்டுமா என்கிறார்.

வேண்டாம். அங்கே பரவலாக எழுதப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தபாலில் வந்தால் குடும்பமே சட்டச் சிக்கலில் மாட்டும்.

மாத்திரை தொடங்கியதிலிருந்து பிள்ளை சாப்பிடுவதே இல்லை. என்ன செய்வது?

மெத்தில்ஃபெனிடேட் மதியப் பசியைக் குறைக்கும். காலையில் இட்லியோ பொங்கலோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மாத்திரையைத் தாருங்கள். மதியச் சோற்றை மிச்சம் வைத்ததற்காகத் திட்டாதீர்கள். பள்ளி விட்டு வந்து பசி திரும்பும்போது கடலை, முட்டை, வாழைப்பழம், இரவு நல்ல சாப்பாடு என்று ஈடுகட்டலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடங்கும் முன்பும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இதயக் கோளாறால் இறந்திருந்தாலோ, பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது?

அடோமாக்செடினுக்கும் பதற்ற மருந்துகளுக்கும், சில சிறாரிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. அரிதானது, ஆனால் தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையோடு கூடுதலாகப் பேசிக்கொண்டிருங்கள். “செத்துப்போகலாம் போல இருக்கிறது” என்று சொன்னால் அதை அடம் என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது, கண்ணும் தோலும் மஞ்சளாவது ஆகியவையும் அப்படியே. இரவு நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எத்தனை ஆண்டு தர வேண்டும்? நாங்களே நிறுத்திப் பார்க்கலாமா?

ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் தேவையா என்று மருத்துவரோடு சேர்ந்து பரிசீலிக்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட்டைச் சில நாள் நிறுத்திப் பார்ப்பதில் உடலுக்குப் பெரிய தொந்தரவு இராது. செர்ட்ரலின் போன்றவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். தூக்கத்துக்காகவோ துறுதுறுப்புக்காகவோ குளோனிடின் எழுதியிருந்தால் அதை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். அந்த மாத்திரை மட்டும் தீர்ந்துபோகாதபடி வீட்டில் எப்போதும் ஒரு வார இருப்பு இருக்கட்டும்.

நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானால், பள்ளி திறக்கும் ஜூனிலோ ஆண்டுத் தேர்வு நேரத்திலோ வேண்டாம். மே விடுமுறையிலும் வேண்டாம், ஏனெனில் வகுப்பில் எப்படி இருக்கிறான் என்பது அப்போது தெரியாது. புது ஆசிரியரோடு பழகிவிட்ட ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், காலாண்டுத் தேர்வுக்கு முன்னால், ஆசிரியருக்கும் தெரிவித்துவிட்டுச் செய்வது நல்லது.